பந்தயம் செத்தது, சூது பிழைத்தது!

ஆலை வாசலில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “அமெரிக்காவிலே சிக்காகோ பக்கம் ஒரு பெரிய ரேஸ் மைதானத்தை இடித்துத் தரைமட்டமாக்கி விட்டார்களாமே! நல்ல காரியந்தானே தோழரே? ஒரு சூதாட்டம் ஒழிந்தது என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதானே?”

நியாயமான கேள்வி. சம்பள நாளன்று கவரைப் பிரிக்காமலே ரேஸுக்குப் போய், இரவு வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மார்களைப் பற்றி நம் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரேஸ் ஒழிந்தால் நமக்கென்ன நஷ்டம்?

மறுபக்கத்தில் முதலாளித்துவப் பத்திரிகைகளின் ஒப்பாரி. “ஐயோ, பாரம்பரியம் போயிற்றே! ஜனங்களுக்குக் குதிரை மேல் இருந்த ஆசை குறைந்துவிட்டதே! காலம் மாறிவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?” என்று கண்ணீர் வடிக்கிறார்கள்.

தோழர் சந்தோஷப்படுகிறார், கனவான்கள் அழுகிறார்கள். இரு தரப்பாருமே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டார்கள், அல்லது ஏமாற்றுகிறார்கள். அந்தப் பந்தயம் வயதாகித் தானாகச் சாகவில்லை. அதைக் கொன்றவர்கள் அதன் சொந்தக்காரர்களே. அதோடு சூதாட்டமும் ஒழிந்துவிடவில்லை. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. தெருவில் நின்றவர்கள் குதிரைக்காரர்களும் கூலிக்காரர்களும்தான். இதை ஆதாரத்தோடு சொல்லவே இக்கட்டுரை.

பிறக்காத குட்டியின் மேல் பணம்

சிக்காகோ நகருக்கு வெளியே ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரில் 1927-இல் ஆர்லிங்டன் பார்க் என்ற பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அங்கே ஓடிய பந்தயங்களில் பேர்போனது ‘ஆர்லிங்டன்–வாஷிங்டன் பியூச்சரிட்டி’. இரண்டு வயதுக் குட்டிகள் மட்டும் ஓடும் பந்தயம் அது. தடைகளைத் தாண்டுவது கிடையாது. சமதளத்தில் ஒரே ஓட்டம். ஓடுபவை எல்லாம் வம்சாவளி எழுதி வைக்கப்பட்ட உயர்சாதிக் குதிரைகள். மனிதரில் பார்க்கும் சாதி போதாதென்று குதிரையிலும் சாதி பார்ப்பவர்களின் விளையாட்டு இது.

‘பியூச்சரிட்டி’ என்றால் வருங்காலம் என்று பொருள். பந்தயத்துக்கு இதென்ன பெயர்? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் பேரில் நுழைவுப் பணம் கட்டவேண்டும். குட்டி பிறந்து வளர வளர, தவணை தவணையாக மேலும் பணம் கட்டிக்கொண்டே போகவேண்டும். நடுவில் குட்டி செத்தாலோ நொண்டியானாலோ கட்டிய பணம் போனது போனதுதான். இப்படி நூற்றுக்கணக்கான பண்ணைக்காரர்கள் கட்டிய பணம் சேர்ந்து பரிசுத் தொகை மலைபோல் குவியும். கடைசியில் ஓடுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகள். வெல்வது ஒன்று.

இந்த ஏற்பாட்டுக்குப் புகழ் தேடிக் கொடுத்தது நியூயார்க் நகரின் ஷீப்ஸ்ஹெட் பே திடல். அங்கே முதல் பியூச்சரிட்டி 1888-இல் ஓடியது. பிராக்டர் நாட் என்ற குட்டி ஜெயித்து, சுமார் ஒன்றேகால் நிமிட ஓட்டத்துக்கு 40,000 டாலருக்கு மேல் பரிசு வாங்கியது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் பியூச்சரிட்டிகள் முளைத்தன. ஆர்லிங்டனில் முளைத்ததும் அந்த வித்திலிருந்துதான்.

ஷீப்ஸ்ஹெட் பே திடல் என்ன ஆயிற்று தெரியுமா? நியூயார்க் மாநிலம் 1908-இல் பந்தயச் சூதுக்கு எதிராகச் சட்டம் போட்டது. திடல் 1910-இல் மூடப்பட்டது. அந்த நிலம் 1915-இல் மோட்டார் பந்தயத் திடலாயிற்று; பிறகு வீட்டு மனைகளாகத் துண்டு போட்டு விற்கப்பட்டது. நியூயார்க்கில் குதிரைப் பந்தயமோ 1913-இல் வேறு திடல்களில் மறுபடியும் தொடங்கிவிட்டது! பந்தயம் நின்றாலும் ஓடினாலும் நிலக்காரனுக்கு லாபமே என்பதற்கு இது முதல் சாட்சி. இந்த சாட்சியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

குட்டியின் வயதும் ஜாக்கியின் நிறமும்

இரண்டு வயதுக் குட்டி என்கிறார்களே, அந்தக் கணக்கும் முதலாளிகளின் கணக்குத்தான். வட நாடுகளில் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி முதல் தேதியே பிறந்த நாள். மே மாதம் பிறந்த குட்டிக்கு ஏழெட்டு மாதத்திலேயே ஒரு வயது நிறைந்துவிட்டதாக ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். எலும்புக்கூடு முழுக்க முதிர்வதற்கு இன்னும் ஆண்டுக் கணக்கில் நாள் இருக்கும்போதே அதன் முதுகில் ஆளேற்றி விரட்டுவார்கள். இளமையிலேயே அளவாகப் பழக்கினால் எலும்பு உறுதிப்படும் என்று சொல்லும் மிருக வைத்தியர்கள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், எந்த நாளில் எத்தனை தூரம் விரட்டுவது என்பதை வைத்தியரா தீர்மானிக்கிறார்? கட்டிய தவணைப் பணமல்லவா தீர்மானிக்கிறது!

குட்டியின் கதி இப்படி என்றால், ஓட்டியவர் கதி என்ன? 1888-இல் பிராக்டர் நாட்டை ஓட்டி வென்றவர் பைக் பார்ன்ஸ் என்ற நீக்ரோ இளைஞர். அன்றைய அமெரிக்காவில் பெயர் பெற்ற ஜாக்கிகள் பலர் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளே. 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பர். குதிரை வளர்ப்பதும் பழக்குவதும் ஓட்டுவதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில்.

பரிசுப் பணம் கொழுக்கக் கொழுக்க, வெள்ளையர் அந்த இடத்துக்குக் குறி வைத்தார்கள். கறுப்பு ஜாக்கியைத் திடலில் நெருக்கி வேலியோடு வேலியாகத் தள்ளினார்கள்; குதிரை கொடுக்க மறுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவர்களைச் சேணத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 1921-க்குப் பிறகு 2000 வரை கென்டக்கி டெர்பியில் ஒரு அமெரிக்கக் கறுப்பரும் ஓட்டவில்லை. ஆர்லிங்டன் திடல் திறந்த 1927-இல் கறுப்பருக்கு மிச்சமிருந்தது லாயத்துச் சாணியை அள்ளும் வேலைதான். பாரம்பரியம் போயிற்றே என்று அழும் கனவான்களைக் கேட்கிறோம்: பைக் பார்ன்ஸின் பாரம்பரியத்தை விரட்டியபோது உங்கள் கண்ணீர் எங்கே போயிருந்தது?

உலகத்தின் பெரிய பரிசு

சிக்காகோவைச் சுற்றி இரண்டு பெரிய திடல்கள் இருந்தன: ஆர்லிங்டன் பார்க், வாஷிங்டன் பார்க். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கையில். இரண்டு திடல்களிலும் தனித்தனியே ஓடிய குட்டிப் பந்தயங்களை 1962-இல் ஒன்றாக இணைத்தார்கள். அந்த ஆண்டின் மொத்தப் பரிசு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல். இதைவிடப் பெரிய பரிசு உலகத்திலேயே கிடையாது என்று தம்பட்டம் அடித்தார்கள். கேண்டி ஸ்பாட்ஸ் என்ற குட்டி நெவர் பெண்ட் என்ற குட்டியைத் தோற்கடித்து வென்றது. வென்ற குட்டியின் சொந்தக்காரருக்குக் கிடைத்தது 1,40,000 டாலருக்கு மேல்.

அதே ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்று உழைத்தால், குட்டி ஒன்றரை நிமிடத்துக்குள் வாங்கிய பணத்தைத் தொழிலாளி சம்பாதிக்க 60 ஆண்டு ஆகும். விவசாயத் தொழிலாளிக்கோ அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. 1966-இல்தான் அவரையும் சட்டத்தில் சேர்த்தார்கள். அதுவும் மணிக்கு ஒரு டாலர் என்று குறைத்து வைத்து!

பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு பண்ணைக்காரர்கள் கட்டிய தவணை. மறு பங்கு திடல்காரர் போட்டது. திடல்காரருக்கு அது எங்கிருந்து வந்தது? டிக்கெட் வாங்கிய ஜனங்களின் சட்டைப் பையிலிருந்து.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு பந்தயத்தில் ஜனங்கள் கட்டும் பணமெல்லாம் ஒரே குவியலில் சேரும். திடல்காரரும் சர்க்காரும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். பந்தய வகையைப் பொறுத்து அது நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை இருக்கும். மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். சராசரி இருபது என்று வைப்போம். நூறு ரூபாயோடு ஒரு கூட்டம் உள்ளே போகிறது. முதல் பந்தயம் முடிந்தால் அந்தக் கூட்டத்தின் கையில் 80. அதை அப்படியே இரண்டாவதில் கட்டினால் 64. மூன்றாவதில் 51. இப்படிப் பத்துப் பந்தயம் முடிந்தால் 11 ரூபாய்கூட மிஞ்சாது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் சரி, கணக்கு மாறாது. கூட்டத்தில் ஒருவர் ஜெயிக்கலாம். கூட்டம் ஜெயிக்க முடியாது. தோற்காத குதிரை ஒன்றே ஒன்று உண்டு. அது திடல்காரரின் கல்லாப்பெட்டி.

1965-இல் இந்தப் பந்தயத்தை வென்ற குட்டியின் பெயர் பக்பாஸர். சொந்தக்காரர் ஆக்டன் பிப்ஸ். இரண்டு தலைமுறைக்கு முன்னே போய்ப் பார்த்தால் அந்தக் குடும்பச் செல்வத்தின் ஊற்று தெரியும். ஆக்டனின் பாட்டனார் ஹென்றி பிப்ஸ், உருக்காலைச் சக்கரவர்த்தி கார்னெகியின் கூட்டாளி. அந்தக் கம்பெனியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-இல் கூலியைக் குறைத்தார்கள்; மறுத்த தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள்; சங்கத்தை உடைக்கத் துப்பாக்கி பிடித்த பிங்கர்ட்டன் அடியாட்கள் 300 பேரைப் படகில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி நடந்த மோதலில் இரு தரப்பிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். சங்கம் நசுக்கப்பட்டது, லாபம் பெருகியது. பேரன் காலத்தில் அந்த லாபம் நான்கு கால் முளைத்து ஓடியது. உயர்சாதிக் குட்டிக்கு வம்சாவளி எழுதுகிறவர்கள், பணத்துக்கும் வம்சாவளி எழுதினால் தேவலை!

கவர்னரும் பங்குப் பத்திரமும்

திடல்காரருக்குக் குதிரை முக்கியமல்ல, நாள்தான் முக்கியம். எந்தத் திடலில் எந்த மாதம் எத்தனை நாள் பந்தயம் ஓடலாம் என்று தீர்மானிப்பது மாநில சர்க்கார். கூட்டம் அலைமோதும் கோடை நாட்கள் யாருக்குக் கிடைக்கின்றனவோ அவருக்கே கொள்ளை லாபம்.

1960-களில் ஆர்லிங்டன் பார்க், வாஷிங்டன் பார்க் இரண்டையும் நடத்தியவர் மார்ஜி எவரெட் என்ற சீமாட்டி. இல்லினாய் மாநிலத்தின் கவர்னர் ஆட்டோ கெர்னர். நல்ல நாட்களை ஒதுக்கித் தருவதற்காகக் கவர்னருக்கும் அவருடைய சகாவுக்கும் பந்தயக் கம்பெனிப் பங்குகள் மலிவு விலையில் போய்ச் சேர்ந்தன. விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அந்தப் பங்குகளின் மதிப்பைச் சீமாட்டி தமது வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்டியிருந்தார்! இல்லினாயில் பந்தயத் திடல் நடத்துகிறவருக்கு லஞ்சமும், வைக்கோல், கொள்ளு போல ஓர் அன்றாடச் செலவுதான் என்ற எண்ணம்.

1973 பிப்ரவரியில் கெர்னர் லஞ்சம், சதி, பொய்ச் சாட்சியம் முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். மூன்றாண்டுச் சிறை, 50,000 டாலர் அபராதம். அப்போது அவர் வகித்த பதவி என்ன? மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி! 1967-இல் நகரங்களில் கறுப்பு மக்கள் கொதித்தெழுந்தபோது, காரணம் என்னவென்று விசாரிக்க ஜனாதிபதி ஜான்சன் நியமித்த கமிஷனின் தலைவரும் இவரே. அந்தக் கமிஷன் வெள்ளை நிறவெறியைக் குற்றம் சாட்டி உண்மையைச் சொன்னது என்பதை நாம் மறைக்கவில்லை. நல்ல அறிக்கையில் கையெழுத்திட்ட கையும் பங்குப் பத்திரத்துக்கு நீண்டது. அமைப்பின் இழுப்பு அத்தகையது. பங்கு கொடுத்த சீமாட்டிக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. சர்க்கார் தரப்புச் சாட்சியாக வந்து நின்றார். பிறகு கலிபோர்னியா சென்று, அங்கே ஹாலிவுட் பார்க் என்ற பந்தயத் திடலை நடத்தினார்.

லாயத்தில் இருந்தவர்கள்

கவர்னர் வழக்கு தீர்ந்த அதே 1973-இல் இன்னொரு தீர்மானம் நடந்தது. அதைப் பற்றி எந்தக் கனவானும் அழவில்லை. எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடவில்லை. நம் வாசகர்களுக்கு அதுவே முக்கியம்.

குதிரை ஓடுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குப் பின்னே லாயத்தில் இருப்பவர்களின் வேலையோ விடியுமுன் தொடங்குகிறது. சாணி அள்ளி, வைக்கோல் விரித்து, தீனி வைத்து, குளிப்பாட்டி, காலுக்குக் கட்டுக் கட்டி, ஓடிக் களைத்த குதிரையைச் சூடு தணியும்வரை கையில் பிடித்து நடத்தவேண்டும். குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆகவே குதிரைக்காரருக்கும் கிடையாது. இந்த வேலையில் ஒரு காலத்தில் கறுப்பர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதிகமாயினர். பலருக்குக் குடியிருப்பும் திடலுக்குள்ளேயே. வேலை போனால் வீடும் போயிற்று என்று அர்த்தம். எஸ்டேட் லயத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் இதன் பொருளை விளக்குவார்கள்.

அமெரிக்காவில் 1935-இல் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கம் சேரவும், கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை தந்த சட்டம். போராடிப் பெற்ற சட்டம். ஆனால் விவசாயத் தொழிலாளியையும் வீட்டு வேலைக்காரரையும் அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. அன்று தென் மாநிலங்களில் இந்த இரு வேலைகளிலும் மிகுதியாக இருந்தவர்கள் கறுப்பர்கள் என்பதைச் சொன்னாலே காரணம் விளங்கும். அச்சட்டத்தை அமுல் நடத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், 1973-இல் ஒரு விதி எழுதியது: குதிரைப் பந்தயம், நாய்ப் பந்தயம் ஆகிய தொழில்களின் வழக்குகளில் தன் அதிகாரத்தைச் செலுத்தப் போவதில்லை!

காரணம் சொன்னார்கள். மாநில சர்க்கார்கள் இந்தத் தொழிலை நெருங்கிக் கண்காணிக்கின்றனவாம். கண்காணித்த லட்சணத்தைத்தான் கெர்னர் வழக்கிலே கண்டோமே! இன்னொரு காரணம், இங்கே வேலை விட்டு விட்டு நடப்பதாம். குறுகிய கால வேலையாம். வேலைக்கு உத்தரவாதம் இல்லாதவருக்கே சட்டத்தின் துணை அதிகம் தேவை. இவர்களோ உத்தரவாதம் இல்லை என்பதையே காரணமாக்கிச் சட்டத்தையும் பறித்தார்கள். நிரந்தரம் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ‘தற்காலிகம்’ என்று எழுதி வைத்து, பிறகு ‘நீ தற்காலிகம்தானே, உனக்கேது உரிமை?’ என்று கேட்கும் தந்திரம் நம் ஆலைத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல.

முதலாளியின் கதவடைப்பு

1985 ஜூலை 31-இல் ஆர்லிங்டன் பார்க்கின் பார்வையாளர் மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. இருபத்தைந்தே நாளில், ஆகஸ்ட் 25-இல், கூடாரங்களைப் போட்டு அங்கே பெரிய பந்தயத்தை ஓட்டிக் காட்டினார்கள். ‘அற்புதம்’ என்று பட்டம் சூட்டி, புகழையெல்லாம் திடல் முதலாளி ரிச்சர்ட் டுஷஸ்வாவுக்குக் கொடுத்தார்கள். வளைந்த இரும்பை அறுத்து, சாம்பலை வாரி, கம்பம் நட்டுக் கூடாரம் அடித்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை.

புது மண்டபம் 1989-இல் திறக்கப்பட்டது. 1990-களில் இல்லினாய் நதிகளில் படகுச் சூதாட்ட விடுதிகள் மிதக்க ஆரம்பித்தன. ஜனங்களின் பணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சூதுக்குச் சூது போட்டி! உடனே டுஷஸ்வா என்ன செய்தார்? சர்க்கார் சலுகை தரவில்லை என்று 1998, 1999 இரண்டு ஆண்டுகளும் திடலை இழுத்து மூடினார். தொழிலாளி இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தால் ‘நாட்டின் உற்பத்தி பாழாகிறது’ என்று குதிப்பவர்கள், முதலாளி இரண்டு வருஷம் கதவடைத்தால் ‘தொழில் நிலைமை’ என்பார்கள். 1999-இல் மாநிலச் சட்டமன்றம் பந்தயத் திடல்களுக்குச் சலுகைகளை வழங்கியது. 2000-இல் கதவு திறந்தது. அதே ஆண்டில் திடல், கென்டக்கியைச் சேர்ந்த சர்ச்சில் டவுன்ஸ் என்ற பெரிய கம்பெனியோடு இணைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் உலகின் பெரிய பரிசைப் பெற்றிருந்த குட்டிப் பந்தயம் இதற்குள் தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. முதல் தரத்தில் இருந்தது மூன்றாம் தரத்துக்கு இறங்கிற்று. பின்னர் முற்றிலும் நின்றது.

நிலமும் சூதாட்ட மாளிகையும்

கனவான்களின் ‘காலம் மாறிவிட்டது’ என்ற வாதத்தை இங்கே உரசிப் பார்ப்போம்.

திடலில் சூதாட்ட எந்திரங்கள் வைக்க அனுமதித்தால் பந்தயம் பிழைக்கும் என்று ஆர்லிங்டன் நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் சட்டமன்றத்தின் வாசலில் நின்றது. 2019 ஜூனில் அந்த அனுமதி சட்டமாகியது. கேட்டது கிடைத்ததே, வாங்கிக்கொண்டார்களா? ஆகஸ்டில் சர்ச்சில் டவுன்ஸ் கம்பெனி அறிவித்தது: எங்களுக்கு வேண்டாம்!

ஏன் வேண்டாம்? எந்திரங்களின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பந்தயப் பரிசுகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. கட்டுப்படியாகாது என்றார்கள். அந்தக் கட்டுப்படியின் மர்மம் சில மைல் தூரத்தில் இருந்தது. டெஸ் பிளெய்ன்ஸ் ஊரில் இருக்கும் ரிவர்ஸ் காசினோ என்ற சூதாட்ட மாளிகையின் பெரும்பான்மைப் பங்குகளை அதே கம்பெனி அதே 2019 மார்ச்சில் வாங்கி முடித்திருந்தது! தன் சூதாட்ட மாளிகைக்குத் தானே போட்டிக் கடை திறப்பானா? அங்கே குதிரையும் வேண்டாம், லாயமும் வேண்டாம், சாணி அள்ளும் ஆளும் வேண்டாம், குதிரைக்காரருக்குப் பங்கும் வேண்டாம். எந்திரம் காசை விழுங்கும், தீனி கேட்காது.

2021 செப்டம்பர் 25-இல் ஆர்லிங்டனில் கடைசிப் பந்தயம் ஓடியது. அதே மாத முடிவுக்குள், 326 ஏக்கர் நிலத்தை சிக்காகோ பேர்ஸ் என்ற கால்பந்துக் கம்பெனிக்கு விற்க ஒப்பந்தமாகிவிட்டது. விலை 19 கோடியே 72 லட்சம் டாலர். 2023 பிப்ரவரியில் பத்திரம் முடிந்தது. அந்த ஆண்டிலேயே மண்டபம் இடிக்கப்பட்டது. நிலத்தை வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. வரி அதிகம் என்று அவ்வூர்ப் பள்ளிக்கூட நிர்வாகங்களோடு தகராறு செய்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்குப் போகும் வரிப்பணத்தில் கைவைத்தாவது விளையாட்டரங்கம் கட்டவேண்டுமாம்!

ஆர்லிங்டன் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். மார்ஜி எவரெட் நடத்திய ஹாலிவுட் பார்க்கும் பின்னாளில் இதே சர்ச்சில் டவுன்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. 2005-இல் அதை ஒரு நிலக் கம்பெனிக்கு 26 கோடி டாலருக்கு விற்றார்கள். 2013-இல் பந்தயம் நின்றது. 2020-இல் அந்த இடத்தில் கால்பந்து அரங்கம் எழும்பி நின்றது. நியூஜெர்சியில் கார்டன் ஸ்டேட் பார்க் திடலிலும் பேர்போன குட்டிப் பந்தயம் ஒன்று இருந்தது. அது 1993-இல் நின்றது. 2001-இல் திடலும் மூடி, கடைத்தெருவும் வீடுகளுமாயிற்று. 1910-இன் ஷீப்ஸ்ஹெட் பே சாட்சியை ஞாபகம் வைக்கச் சொன்னோமே, நூறாண்டுக்குப் பிறகும் அதே கதைதான்!

தோழரின் கேள்விக்குப் பதில்

ஆக, ஆலை வாசலில் கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்.

ரேஸ் சூதாட்டத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. உழைப்பாளியின் கூலியைத் திருப்பிப் பறிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. அது ஒழியத்தான் வேண்டும். ஆனால் ஒழிப்பது யார், எதற்காக, யார் செலவில் என்று கேட்காமல் கைதட்டக் கூடாது. மக்கள் ஒழித்திருந்தால் அந்த 326 ஏக்கரில் தொழிலாளருக்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் வந்திருக்கும். லாயத்திலிருந்து வெளியேறியவருக்கு மாற்று வேலை கிடைத்திருக்கும். முதலாளி ஒழித்ததால், குறைந்த லாபச் சூதுக்குப் பதில் கொழுத்த லாபச் சூது வந்தது. நிலத்தின் விலை ஒருவன் பையில் விழுந்தது. வேலையும் இருப்பிடமும் ஒரே நாளில் போனவர்கள், சங்கச் சட்டத்தின் நிழல்கூட இல்லாமல் அடுத்த திடலைத் தேடி மூட்டை கட்டினார்கள்.

பாரம்பரியம் பேசும் கனவான்களுக்கும் சொல்கிறோம். 1888-இல் கறுப்பு இளைஞனின் கைத்திறன், 1892-இல் ஹோம்ஸ்டெட்டின் ரத்தம், 1985-இல் சாம்பலை அள்ளிய கைகள், விடியுமுன் எழுந்த குதிரைக்காரரின் தூக்கம் ஆகியவற்றின் மேல் நின்றது உங்கள் பந்தயம். அதை உழைப்பாளி கட்டினார்; ஓட்டினார்; காப்பாற்றினார். விற்கும்போது மட்டும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தக் கதையில் குதிரை என்று வருகிற இடத்தில் நூல் என்று எழுதுங்கள். லாயம் என்ற இடத்தில் ஆலை என்று எழுதுங்கள். ‘நஷ்டம்’ என்பார்கள், ‘காலம் மாறிவிட்டது’ என்பார்கள், கதவில் பூட்டுத் தொங்கும், கொஞ்ச நாளில் மனை விற்பனை விளம்பரம் வரும். அப்படிப் பூட்டுத் தொங்கும் நாளில், நஷ்டக் கணக்கைக் காட்டு என்று மட்டும் கேட்டால் போதாது. நிலத்தின் கணக்கையும் காட்டு என்று கேட்கவேண்டும். முதலாளி வேறெங்கே பங்கு வாங்கியிருக்கிறான் என்று விசாரிக்கவேண்டும். நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்து வைத்த கோட்டை அழித்து, எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்க்கவேண்டும். ஆலையில் நூற்பவரும் வயலில் நாற்று நடுபவரும் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே உரிமை பெறப் போராடவேண்டும்.

பிறக்காத குட்டியின் வருங்காலத்தின் மேல் லட்சக்கணக்கில் பணம் கட்டினார்கள் சீமான்கள். பிறந்து வளர்ந்து உழைத்து ஓய்ந்த மனிதனின் வருங்காலத்துக்கு ஒரு சல்லியும் கட்டவில்லை. அந்த வருங்காலத்தை நாமே கட்டவேண்டும், தோழர்களே! அதற்குச் சங்கம்தான் நம் கையிருப்பு.